விளையாட்டு வண்டிக்குப் பின் சீட் வந்த வரலாறு

வாகனப் பதிவு அலுவலகத்தின் கண்காணிப்பாளர் தம் சொந்த உபயோகத்துக்காக ஒரு கார் வாங்குவது அரசாங்கம் கவலைப்பட வேண்டிய விஷயமே அல்ல. ஊரார் கார்களுக்கெல்லாம் எண் கொடுக்கிறவர் தமக்கென்று ஒன்று வாங்கக்கூடாதா என்ன? ஆனால் நம் கண்காணிப்பாளர் வாங்கிய காரைச் சாலையில் இறக்குவதற்குள் இரண்டு துறைகள், ஒரு வெல்டிங் பட்டறை, ஒரு விசில் எல்லாம் தேவைப்பட்டுவிட்டன. அது எப்படி என்று கேட்பவர்கள் இன்றைக்கும் இருப்பதால், நடந்ததை நடந்தபடி இங்கே பதிவு செய்யலாகிறது.

அதுவரை அவர் ஓட்டி வந்தது சாம்பல் நிறத்தில் நாலு கதவு வைத்த குடும்பக் கார். நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அவர் அல்ல. அழுக்குத் தெரியாது என்று சொல்லி மனைவியின் அண்ணன் தேர்ந்தெடுத்தார். அந்தக் காருக்குப் பின் சீட் என்று ஒன்று உண்டு. அது என்றைக்கும் காலியாக இருந்ததில்லை. முதலில் மாமியார் உட்கார்ந்தார். பிறகு பிள்ளைகளும் மாமியாரும் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் படித்து வேறு ஊர்களுக்குப் போய், மாமியாரும் காலமாகி, அப்பாடா என்று நினைப்பதற்குள் மனைவியின் அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்து அந்த இடத்தை நிரப்பிவிட்டார்.

மச்சான் தங்கமான மனிதர். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. வண்டி கிளம்பியதிலிருந்து நிற்கும் வரை, பின்னாலிருந்து "பார்த்து... பார்த்து..." என்று சொல்லிக்கொண்டே வருவார், அவ்வளவுதான். எதிரே லாரி வந்தாலும் பார்த்து, எதுவுமே வராவிட்டாலும் பார்த்து. ஒரு முறை வண்டி பழுதாகி ஓரமாக நின்றுகொண்டிருந்தபோதுகூடச் சொன்னார். தெருவில் அவருக்குப் 'பார்த்து மச்சான்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இத்தனை வருட இல்லறத்தில் கண்காணிப்பாளரும் மனைவியும் காரில் தனியாகப் போனது ஒரே ஒரு தடவை. தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அப்போதும் அவள் வலியில் கத்திக்கொண்டிருந்தாள். அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது.

இந்த நிலைமையில்தான், அலுவலகத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஒரு ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் காரை அவர் பார்த்தார். சின்னக் கார். இடுப்பு உயரம்தான் இருக்கும். நல்ல சிவப்பு. இரண்டே சீட். அதற்குப் பின்னால் ஒரு பெட்டி வைக்க இடம் இருந்தது. மச்சான் வைக்க இடம் இல்லை. கண்காணிப்பாளர் உள்ளே போய்விட்டார்.

"உட்கார்ந்து பாருங்க சார்," என்றார் விற்பனையாளர்.

கண்காணிப்பாளர் குனிந்து, ஒரு காலை விட்டு, முழங்கால் சொடக்குப் போட, மறு காலையும் உள்ளே இழுத்துக்கொண்டார். தரை பக்கத்தில் இருந்தது. ஸ்டியரிங் சின்னதாக, கைக்கு அடக்கமாக இருந்தது.

"ரொம்ப வேகமா போகுமோ?"

"பொய் சொல்ல மாட்டேன் சார். வேகமா போற வண்டி இல்ல இது. வேகமா போற மாதிரி இருக்கற வண்டி. நாப்பதுல போனா நூறுல போற மாதிரி இருக்கும். தரை பக்கத்துல இருக்கு பாருங்க, அதான்."

"இன்ஜின் எப்படி?"

"உங்க வீட்டுக் கார்ல என்ன இன்ஜினோ அதேதான் சார். அதனாலதான் இந்த விலைக்குக் குடுக்க முடியுது. ஆனா இதுல அது கொஞ்சம் சந்தோஷமா இருக்கும்."

"இதையெல்லாம் யாருய்யா வாங்கறாங்க?"

விற்பனையாளர் குரலைத் தாழ்த்தினார். "பணம் இருக்கறவங்க பெரிசா வாங்கிடுவாங்க சார். புத்தி இருக்கறவங்க நாலு கதவு வாங்கிடுவாங்க. நடுவுல கொஞ்சம் பேர் இருக்காங்க. வாழ்க்கை பூரா பொறுப்பா இருந்துட்டவங்க. அவங்களை நம்பித்தான் கம்பெனி இதைப் பண்ணுது."

தம்மை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட முதல் ஆள் இந்த விற்பனையாளர்தான் என்று கண்காணிப்பாளருக்குத் தோன்றியது. சாம்பல் காரைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்வதாக அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

வண்டி எடுக்கும் நாளன்று மனைவியை மட்டும் அழைத்துப் போனார். மச்சானுக்கு அன்று பல் டாக்டரிடம் வேலை இருந்தது. அந்த நாளை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தாரா என்று இங்கே ஆராய வேண்டியதில்லை.

மனைவி காரைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். "பின் சீட்டு எங்கங்க?"

"இல்ல."

"அப்ப அண்ணன் எங்க உட்காருவாரு?"

கண்காணிப்பாளர் வானத்தைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

வழியில் ஒரு திருப்பத்தில் வண்டி சும்மா வழுக்கிக்கொண்டு போவதுபோல் திரும்பியதும், அவள் 'ஐயையோ' என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. இது இன்னும் இவளிடம் இருக்கிறதா என்று அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. கேட்க ஆளில்லாமல் அது பாட்டுக்கு எங்கோ கிடந்திருக்கிறது.

"ஏங்க, இன்னொரு சுத்து சுத்திட்டுப் போலாமா?"

வேறு எந்தக் கணவனாக இருந்தாலும் ஸ்டியரிங்கைத் திருப்பியிருப்பான். இவர் கண்காணிப்பாளர். "இது தற்காலிக எண். கடையிலிருந்து நேரா வீட்டுக்குப் போக, பதிவுக்கு ஆபீஸ் கொண்டுபோக மட்டும்தான் அனுமதி. பதிவு ஆகட்டும், ஊரையே சுத்தலாம்," என்றார்.

"சரி, சீக்கிரம் பதிவு பண்ணுங்க," என்றாள். அந்த ஒரு சுற்றுக்காகத்தான் பிறகு நடந்த அத்தனையும்.

கண்காணிப்பாளரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பாராட்டுப் பத்திரம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். அவர் இளைஞராக இருந்தபோது, அலுவலகத்தில் புழங்கும் அன்னியச் சொற்களுக்கெல்லாம் நம் மொழியில் சொல் கண்டு அகராதியாகத் தொகுக்கும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மறுநாளே வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. அவர் ஒரே மூச்சில் தொகுத்துக் கொடுத்தார். 'ஒரு பிழையும் இன்றித் தொகுத்தமைக்காக' என்று பாராட்டுப் பத்திரத்தில் தங்க எழுத்தில் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்கு அந்த அகராதி தரும் சொல், விளையாட்டு வண்டி. அப்படிப்பட்ட கார் ஒன்று அந்த அலுவலகத்துக்கு வந்ததே இல்லையாதலால் அந்தச் சொல்லும் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இருந்து வந்தது.

அவருடைய விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு உதவியாளர் வந்து நின்றாள். அவர் தாமே வேலை பழக்கிய பெண். சட்டத்தில் கில்லாடி.

"சார், ஒரு ஆட்சேபணை இருக்கு."

"எனக்கேவா?"

"உங்களுக்கு இல்ல சார், வண்டிக்கு. நம்ம அகராதிப்படி இது விளையாட்டு வண்டி. அதுக்கு ரெண்டு அர்த்தம் வருது. ஒண்ணு, குழந்தைங்க விளையாடற வண்டி. அப்படின்னா பதிவே வேணாம். ஆனா ரோட்டுக்கு வரக்கூடாது. வீட்டுக்குள்ள ஓட்டிக்கலாம்."

"வீட்டுக்குள்ளயா?"

"கூடம் பெரிசா இருந்தா சார். இன்னொண்ணு, விளையாட்டுக்குப் பயன்படற வண்டி. மட்டை, பந்து மாதிரி ஒரு சாதனம். அதுக்கு விளையாட்டுத் துறையில தடையில்லாச் சான்று வாங்கணும்."

"என்னம்மா விளையாடறியா? அது கார்ம்மா. நாலு சக்கரம் இருக்கு. பெட்ரோல் போட்டா ஓடும்."

"அது நீங்க வாயால சொல்றது சார். வாயால சொல்றத வச்சு எதையும் பண்ணாதேன்னு நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒரு சுலபமான வழி இருக்கு சார். அகராதியில அந்தச் சொல் தப்புன்னு அடிச்சுட்டு, ஓரத்துல நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். தொகுத்தவருக்கு அந்த அதிகாரம் இருக்கு," என்றாள்.

கண்காணிப்பாளர் திரும்பிப் பாராட்டுப் பத்திரத்தைப் பார்த்தார். ஒரு பிழையும் இன்றி. தங்க எழுத்து.

"அகராதியில தப்பு கிடையாது," என்றார்.

எனவே அவர் உரிய வழிமுறைகளின்படி விளையாட்டுத் துறைக்குப் போனார். பதிவாகாத காரில் போக முடியாது என்பதால் பஸ்ஸில் போனார். பஸ்ஸில் தனியாகப் போகிறாரே என்று பார்த்து மச்சானும் துணைக்கு வந்தார்.

விளையாட்டு அலுவலர் மேஜைக்கும் சுவருக்கும் இடையே இருந்த இடத்தை முழுவதுமாக நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அலமாரி நிறையக் கோப்பைகள். ஒன்றில் அவருடைய குடை நின்றுகொண்டிருந்தது. அந்த அறைக்கு ஒருவர் வந்து வெகுகாலமாகிவிட்டது என்பது அவர் காட்டிய மகிழ்ச்சியிலேயே தெரிந்தது.

"வாங்க, வாங்க! என்ன ஆட்டம்?"

"ஆட்டம் இல்ல சார். கார்."

"கார் சாதனம். ஆட்டம் என்னன்னு கேக்கறேன். அதுல எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு. நானும் என் மனைவியும்."

"ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு. கலப்பு இரட்டையர்," என்று எழுதிக்கொண்டார். "உடற்பயிற்சி உண்டா?"

"அந்தக் காருக்குள்ள ஏறி இறங்கறதே பெரிய..."

"போதும், போதும். எதிரணி யாரு?"

"எதிரணியெல்லாம் கிடையாது சார்."

"எதிர்ல வண்டி எதுவும் வராதா?"

"ரோடுன்னா வரத்தானே செய்யும்."

"அப்ப எதிரணி இருக்கு. இருக்கறத ஏன் மறைக்கறீங்க?" அதையும் எழுதிக்கொண்டார். "நடுவர்?"

"அம்பயரா? காருக்கு எதுக்கு சார் அம்பயர்?"

விளையாட்டு அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு அணி இருக்கு, நடுவர் இல்லன்னா அதுக்குப் பேரு ஆட்டம் இல்லைங்க, சண்டை. சண்டைக்கு நாங்க சான்று தர்றதில்ல. அது வேற துறை."

கண்காணிப்பாளரின் இத்தனை வருட அனுபவத்தில் இவ்வளவு ஒழுங்கான வாதத்தை அவரே பிறரிடம்தான் உபயோகித்திருக்கிறார். பிறர் அவரிடம் உபயோகித்ததில்லை.

"சார், அதுல ரெண்டு சீட்டுதான் இருக்கு."

"பின்னாடி ஒண்ணு போட்டுக்குங்க. ஆட்டம் முழுக்கக் கண்ணுல படற இடமா இருக்கணும். மடக்கு நாற்காலி கூடாது, நல்லா வெல்டிங் பண்ணிடுங்க. விசில் ஒண்ணு வாங்கிக்குங்க."

"நடுவருக்கு என்ன தகுதி வேணும்?" என்றார் கண்காணிப்பாளர்.

"ஆட்டம் தெரியணும்னு கட்டாயம் இல்ல. தப்பு கண்டுபிடிக்கத் தெரியணும். கையில நிறைய ஓய்வு இருக்கணும். குடும்பத்துல அப்படி யாராவது..."

அறையின் பின் பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "மாப்ள, பார்த்து பதில் சொல்லுங்க."

விளையாட்டு அலுவலர் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இவர் யாரு?"

மேற்கண்ட சூழ்நிலையில் தடையில்லாச் சான்று வழங்கப்பட்டது. பெட்டி வைக்கும் இடத்தை அறுத்து, பட்டறைக்காரர் ஒரு சீட்டைப் பற்றவைத்தார். அதில் மச்சான் முழங்காலை மோவாய்க்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, கழுத்தில் விசிலோடு உட்கார்ந்தார். அசௌகரியம்தான். ஆனால் வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்கு ஒரு பதவி கிடைத்திருக்கிறது. அவர் இப்போது 'பார்த்து' என்று சொல்வதில்லை. விசில் ஊதுகிறார்.

ஊரில் முதலில் சிரித்தார்கள். பிறகு கூட்டமாக நின்று பார்த்தார்கள். நடுவரோடு போகிற கார் என்றால் சும்மா இல்லை, ஏதோ விசேஷமான கார் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. ஷோரூமில் ஆட்கள் வந்து, "அம்பயர் சீட்டு வச்சது இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கம்பெனி விட்டுவிடுமா? பின் சீட் வைத்துப் புதிதாக ஒன்று விட்டது. நடுவர் ஏறி இறங்கச் சிரமமாக இருக்கிறது என்று புகார் வந்ததும் பின்னால் இரண்டு கதவு வைத்தது. நடுவருக்குத் தலை இடிக்கிறது என்று உயரத்தைக் கூட்டியது. சிவப்பு சீக்கிரம் அழுக்காகிறது என்று பல நடுவர்கள் கருத்துத் தெரிவித்ததால் சாம்பல் நிறத்திலும் வந்தது. அந்தச் சாம்பல் நிற, நாலு கதவு ஸ்போர்ட்ஸ் காருக்குத்தான் இப்போது ஏகப்பட்ட கிராக்கி. வாங்கியவர்கள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, "பழைய கார்ல இந்த ஃபீலிங் வராதுங்க," என்கிறார்கள். வீட்டுக்கு வீடு விசில் சத்தம்.

கண்காணிப்பாளர் வீட்டில் மட்டும் சத்தம் குறைந்துவிட்டது. மனைவி முன் சீட்டில் உட்கார்ந்து சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வருகிறாள். திருப்பங்களில் வண்டி அதே மாதிரிதான் வழுக்கிக்கொண்டு திரும்புகிறது. விசில் வருகிறது. அவள் சிரிப்பதில்லை.

ஒரு நாள் காலையில், மச்சான் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவள் கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணு உங்க ஆபீஸ்ல சொன்னாளாமே, ஒரு வார்த்தைய அடிச்சுட்டா இந்த அம்பயரும் வேணாம், சீட்டும் வேணாம்னு?"

"உனக்கு யாரு சொன்னா?"

"அவளே போன்ல சொன்னா. உங்களப் பார்த்தா அவளுக்குப் பாவமா இருக்காம். ஒரு வார்த்தைதானே? நீங்க எழுதினதுதானே?"

"அடிச்சா நான் தப்பு பண்ணினேன்னு ஆயிடுமே."

"ஆனா என்ன? நான் எத்தனை தடவை உப்ப ஜாஸ்தியா போட்டிருக்கேன், ஒத்துக்கலையா?" அவள் அவர் சட்டைப் பையில் பேனாவைச் செருகினாள். "இன்னைக்கு அடிச்சுட்டு வந்துடுங்க. பட்டறைக்காரரக் கூப்பிட்டு அந்தச் சீட்ட எடுக்கச் சொல்லிடலாம். அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். சாயங்காலம் நாம ரெண்டு பேரும் அந்த ஒரு சுத்து போயிட்டு வரலாம். எனக்கு அது வேணுங்க."

எனக்கு வேணும் என்று அவள் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். கண்காணிப்பாளர் அன்றைக்கு அலுவலகத்துக்குப் போனபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. போனதும் அகராதியைக் கொண்டுவரச் சொன்னார். பக்கத்தைப் பிரித்தார். பேனா மூடியைக் கழற்றினார். பத்திரத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அடித்தே இருப்பார்.

அப்போது பார்த்து ஒரு இளம் ஜோடி உள்ளே வந்தது. கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்க வேண்டும். இரண்டு பேர் தலையும் காற்றில் கலைந்து கிடந்தது. எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தவர்கள் அவரைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அடங்கவில்லை.

"சார், பழைய மாடல்ல விக்காம கிடந்தது ஒண்ணு ஷோரூம்ல மலிவா கிடைச்சுது," என்றான் பையன். "ரெண்டு சீட்டு. இதுக்குப் பின் சீட்டு வைக்காம பதிவு பண்ண வழியே இல்லையா சார்?"

சன்னல் வழியே கண்காணிப்பாளர் பார்த்தார். சின்னக் கார். நல்ல சிவப்பு.

வழி இருந்தது. அது அவர் விரலிடுக்கில் இருந்தது. ஒரு கோடு கிழித்தால் இவர்கள் இந்த நிமிடமே கிளம்பிப் போவார்கள். பஸ்ஸில் போகாமல், பட்டறைக்குப் போகாமல், விசில் வாங்காமல், ஊரையே சுற்றுவார்கள். நாம் இத்தனையும் பட்ட பிறகு, நேற்று வந்த இந்தப் பிள்ளைகள் சும்மா இப்படி ஜாலியாகப் போய்விடுவதா? அப்படியானால் நாம் பட்டதெல்லாம் எதற்கு? நியாயம் என்று ஒன்று வேண்டாமா? தங்க எழுத்துகூடத் தடுக்க முடியாமல் போன அந்தக் கையை இந்த நியாயம் தடுத்துவிட்டது.

பேனா மூடியைப் போட்டார்.

"நடுவர் யாரு?" என்றார்.

பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்க சித்தப்பா சும்மாதான் சார் இருக்காரு," என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

"வரச்சொல்லுங்க," என்றார் கண்காணிப்பாளர்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி நல்ல உடை உடுத்தித் தலை வாரி, வாசலில் காரின் பக்கத்தில் நின்றிருந்தாள். கொஞ்சம் தள்ளி மச்சான், கழுத்தில் விசிலோடு, என்ன ஏது என்று புரியாமல் நின்றிருந்தார்.

"அடிச்சீங்களா?"

"இன்னைக்கு ஆபீஸ்ல ரொம்ப வேலை. ஒரு ஜோடி வந்துட்டாங்க. பார்க்கலாம், அடுத்த..."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஷோரூம் வாசலில் பார்த்த அதே பார்வைதான். இந்த முறை உதட்டைக் கடித்துக்கொள்ளவில்லை.

"அண்ணே, அந்த விசில இப்படிக் குடு."

மச்சான் கழற்றிக் கொடுத்தார். அவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். முன் சீட்டை மடக்கி, குனிந்து, பின் சீட்டில் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"நீ முன்னாடி உட்காரு அண்ணே. மாப்பிள்ளை பக்கத்துல. இனிமே நான்தான் அம்பயர்."

மச்சான் சந்தோஷமாக முன்னால் ஏறிக்கொண்டார். கண்காணிப்பாளர் சாவியைத் திருகினார். வண்டி நகரக்கூட இல்லை. பின்னாலிருந்து நீளமாக ஒரு விசில் வந்தது.